மண் கோர்ட்டில் பையனை எடை போடுவது எப்படி? கபடி அணிக்கு ஆள் எடுப்பவர்களுக்கு

பொங்கல் முடிந்ததிலிருந்து வைகாசித் திருவிழா வரை வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, கணியம்பாடி, குடியாத்தம், காட்பாடி பக்கம் ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு ஊரில் கபடி நடந்துகொண்டேதான் இருக்கும். அடுத்த சீசனுக்குப் பதினாறிலிருந்து பத்தொன்பது வயதுக்குள் நாலு பையன்கள் வேண்டும் என்று ஒரு கிளப் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன நடக்கும்? ஃபைனலில் பெஸ்ட் ரைடர் (எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் தொட்டு வருகிறவன்) கப் வாங்கியவனை அங்கேயே ஓரமாகக் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து, மேட் விரித்த கோர்ட்டில், விவரமான கார்னர் (கோர்ட்டின் ஓரத்தில் நின்று பிடிக்கிறவன்) ஒருவன் இரண்டு முறை கணுக்காலைப் பிடித்ததும் அந்தப் பையன் காணாமல் போய்விடுவான். தப்பு பையன் மேல் இல்லை. அவன் யாரோடு ஆடினானோ அதை வைத்து மார்க் போட்டார்கள், இனி யாரோடு ஆடப்போகிறான் என்பதை வைத்துப் போடவில்லை.

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் பள்ளி, கல்லூரிப் பையன்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு 1965-லிருந்து நடக்கிறது. இப்போது 20 சுற்று. அதற்காக ஊர் ஊராகப் போய்ப் பையன்களைப் பார்க்கிற ஸ்கவுட்டுகள் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவதில்லை, 20-லிருந்து 80 வரைதான். 50 என்றால் சராசரி, அதுவும் அந்தப் பள்ளியின் சராசரி இல்லை, உச்ச லீக்கில் ஆடும் ஆளின் சராசரி. பந்தை அடிப்பது, அடியின் பலம், ஓட்டம், தடுப்பது, எறிவது என்று ஒவ்வொன்றுக்கும் தனி மார்க். அதிலும் இரண்டு எண்: இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்து முடிந்தால் எவ்வளவு. நம்ம கபடிக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 50-ம் அந்த இரண்டு எண்களும்தான். மற்றது அவர்களோடு இருக்கட்டும்.

தாள் முதலில்

கோர்ட்டுக்குப் போவதற்கு முன் தாளை அடித்துவையுங்கள். ரைடருக்கு ஐந்து வரி: காலடி, தொடுகை, திரும்பி வருவது, பிடியிலிருந்து கழன்று வரும் வலு, ஆட்ட அறிவு. பிடிக்கிறவனுக்கு ஐந்து: நிற்கிற இடம், பிடிக்கும் நேரம், பிடியின் பிடிமானம், கூட்டாளியோடு சேர்வது, பொறுமை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘இன்று’, ‘மூன்று வருஷத்தில்’ என்று இரண்டு கட்டம்.

50 என்பது மாவட்ட சீனியர் அணியில் வழக்கமாக ஏழு பேரில் ஒருவனாக இறங்குகிறவன். 60 என்றால் அந்த அணியில் எதிராளி பார்த்துப் பயப்படுகிற ஆள். 40 என்றால் பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்காவது அடிபட்டால் இறங்குகிறவன். 30 என்றால் ஊர் அணியில் ஆடலாம், அதற்கு மேல் இன்றைக்கு இல்லை. 80 எழுத உங்களுக்குச் சந்தர்ப்பம் வராது, அந்த எண்ணை மறந்துவிடுங்கள். பதினேழு வயதுப் பையனுக்கு ‘இன்று’ கட்டத்தில் 30-ம் 35-ம் விழுந்தால் பதற வேண்டாம், அதுதான் நியாயமான மார்க். ஒரே நாளில் ஐந்து பேருக்கு 55 எழுதியிருந்தால் பேனாவை மூடிவைத்துவிட்டு, மாவட்ட அணி ஆட்டம் ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எண்ணிக்கை பொய் சொல்லும் இடம்

ஒரு பையனைக் குறைந்தது மூன்று ஆட்டம் பாருங்கள். அதில் ஒன்றாவது அவன் அணி தோற்கும் ஆட்டமாக இருக்கட்டும், ஒன்றாவது மேட் கோர்ட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எதிரே எத்தனை பேர், எந்தப் பக்கம் போனான், பாயின்ட்டா, எம்ப்டியா (பாயின்ட்டும் இல்லாமல் அவுட்டும் ஆகாமல் திரும்புவது), அவுட்டா.

ஏன் எதிரே நின்றவர்களை எண்ணச் சொல்கிறோம் என்றால், ஒருவன் 14 ரைடில் 11 பாயின்ட் எடுத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்கில் சொல்லும்போது பிரமாதமாக இருக்கும். தாளைப் பார்த்தால், அதில் 7 பாயின்ட் எதிரே மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நின்றபோது வந்ததாக இருக்கும். அப்போது கோர்ட் காலி, செயின் (கைகோத்து நிற்பது) கிடையாது, நின்றவர்களும் ஆட்டம் போச்சு என்ற நினைப்பில் இருப்பார்கள். இன்னொருவன் 12 ரைடில் 5 பாயின்ட்தான், ஆனால் ஐந்தும் ஆறு ஏழு பேர் நின்றபோது எடுத்தது. இரண்டாவது பையனைத்தான் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.

போனஸையும் தனியாகக் குறியுங்கள். எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் போனஸ் செல்லும், போனஸ் லைனைத் தாண்டி ஒரு கால் படும்போது மற்ற கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். ஊர்ப் போட்டியில் பின்னங்காலைத் தேய்த்துக்கொண்டே போனாலும் கையைத் தூக்கிவிடுகிற அம்பயர் உண்டு. அந்தப் பாயின்ட்டுகளை நீங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். பாட்டும் அப்படித்தான். தொடும் நொடியில் ‘கபடி’ வாயில் நிற்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். மூச்சு விட்டுப் பாடுகிற பழக்கம் மாவட்டப் போட்டிக்கு வந்தால் நேரே அவுட்டில் முடியும்.

டூ ஆர் டை விதியோடு நடக்கும் போட்டியென்றால், இரண்டு எம்ப்டிக்குப் பிறகு வரும், பாயின்ட் எடுக்காவிட்டால் அவுட் என்கிற அந்த மூன்றாவது ரைடை யாரிடம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். கேப்டனுக்குத் தன் பையன்களைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஃபோனில் வரும் ரீல்ஸை வைத்து யாரையும் முடிவு செய்யாதீர்கள். முப்பது செகண்ட் வீடியோவில் அவுட் ஆன ரைடை யாரும் போடுவதில்லை. முழு ஆட்ட வீடியோ இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள்.

ரைடர்: பின்னங்கால்

முதல் ஐந்து ரைடுக்கு அவன் கையையே பார்க்காதீர்கள். கூட்டம் மொத்தமும் கையைத்தான் பார்க்கும். நீங்கள் பின்னங்காலைப் பாருங்கள்.

நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (யாரையும் தொடாவிட்டாலும் ரைடர் தாண்டியாக வேண்டிய கோடு) 3.75 மீட்டர், அங்கிருந்து போனஸ் லைன் இன்னும் ஒரு மீட்டர். ஆக, ஆழமாகப் போகிற ரைடர் திரும்பி வர வேண்டிய தூரம் ஐந்து மீட்டருக்கும் கீழேதான். நூறு மீட்டர் ஓட்ட வேகம் இங்கே உதவாது. முதல் இரண்டு எட்டு எவ்வளவு சீக்கிரம் விழுகிறது என்பதுதான் கேள்வி, அந்த இரண்டு எட்டையும் கொடுப்பது பின்னங்கால். கார்னரை நோக்கி முன்காலை நீட்டும்போது பின்னங்கால் முட்டி மடங்கி, குதி லேசாகத் தூக்கி, பாதி எடைக்கு மேல் அதில் இருந்தால் அவன் எப்போது வேண்டுமானாலும் திரும்புவான். தலை முன்பாதத்தைத் தாண்டிப் போய்விட்டதென்றால் எடை முழுக்க முன்னால் விழுந்துவிட்டது. அந்தக் காலை இனி இழுக்க முடியாது, விவரம் தெரிந்த கார்னர் அதற்காகத்தான் காத்திருப்பான். பக்கவாட்டில் நகரும்போது ஒரு காலை இன்னொரு கால் குறுக்கே தாண்டினாலும் அதே கதிதான், கவர் (கார்னருக்கு உள்பக்கம் நின்று துணைக்கு வருகிறவன்) ஒரு தள்ளு தள்ளினால் லாபிக்கு, அதாவது கோர்ட்டின் பக்கவாட்டு ஓரப் பட்டைக்கு, வெளியே போய் விழுவான்.

மண் கோர்ட்டில் ஒரு வசதி உண்டு. ரைடு முடிந்ததும் தடம் அப்படியே இருக்கும். ஆட்டம் நிற்கும்போது கோட்டோரம் போய்ப் பாருங்கள். நெருக்கமாக, முன்பாதம் மட்டும் பதிந்த சின்னச் சின்னத் தடங்கள் இருந்தால் கால் நன்றாக வேலை செய்கிறது. குதி ஆழமாகக் குழி விழுந்திருந்தால் நின்று நின்று ஆடுகிறான். திரும்பிய இடத்தில் ஒரு முழம் நீளத்துக்குச் சறுக்கல் இருந்தால், திரும்புவதற்கு முன் உடம்பைத் தாழ்த்தவில்லை என்று அர்த்தம். தண்ணீர் தெளித்து இறுக்கிய கோர்ட்டில் இது நன்றாகத் தெரியும், பாலாற்று மணல் கொட்டிய கோர்ட்டில் தெரியாது.

காலடி சரியாக இருந்தால் தொடுகையைக் கற்றுக்கொடுக்கலாம். ஓடிக்கொண்டே கையால் தொடுவது, கால்விரலால் தொடுவது, திரும்பி உதைப்பது எல்லாம் ஒரு வருஷ வேலை. கால் குறுக்கே போகிற பழக்கத்தை மாற்ற அதைவிட அதிக நாள் ஆகும், சிலருக்கு மாறவே மாறாது. அதனால் ‘மூன்று வருஷத்தில்’ கட்டத்தில் தொடுகைக்குத் தாராளமாக எழுதுங்கள், காலடிக்குக் கஞ்சத்தனமாக எழுதுங்கள்.

கார்னர்: பொறுமைக்குத்தான் பஞ்சம்

நல்ல ரைடர் தேடினால் கிடைப்பான். நல்ல கார்னர் கிடைப்பது கஷ்டம், அதனால் சந்தேகம் வரும்போது கார்னர் பக்கம் சாயுங்கள்.

கார்னர் கணுக்காலைப் பிடிக்கும் கையைவிட, பிடிக்காமல் விட்ட நேரங்களைக் கவனியுங்கள். ரைடர் காலைக் காட்டிக் காட்டி இழுப்பான். எடை இல்லாத காலைப் பிடிக்கப் பாய்கிற பையன் பாயின்ட்டைக் கொடுத்துவிட்டு உட்காருவான். எடை விழுந்த காலைத்தான் பிடிக்க வேண்டும். போனஸ் முயற்சி அதற்கு நல்ல நேரம், ஏனென்றால் ரைடரின் ஒரு கால் அந்தரத்தில் இருக்கிறது, மொத்த உடம்பும் இன்னொரு காலில். அந்த அரை நொடிக்காகக் குனிந்து, இரண்டு கையும் முட்டிக்கு முன்னால் தொங்க, கண் ரைடரின் இடுப்பில் நிலைத்து நிற்கிற பையனைப் பார்த்தால் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ரைடரின் முகத்தையும் கையையும் பார்க்கிறவன் ஏமாறுவான், இடுப்பு மட்டும் பொய் சொல்லாது.

பிடித்த பிறகு என்ன செய்கிறான்? கையை மட்டும் பூட்டினால் ரைடர் உதறிவிடுவான். தோளை ரைடரின் காலோடு ஒட்டி, தலையை வெளிப்பக்கம் வைத்து, பின்னால் நோக்கி இழுக்க வேண்டும். தலை ரைடரின் முட்டிக்கு நேரே போனால் மூக்கு உடையும், இது எதிர்காலத்துக்கான குறை இல்லை, அன்றைக்கே திருத்த வேண்டிய குறை.

முயற்சியையும் வெற்றியையும் எண்ணுங்கள். பத்துப் பிடிக்கு ஐந்து நின்றால் தரமான கார்னர். பத்துக்கு மூன்று என்றால், அந்த மூன்றும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அணிக்கு நஷ்டம்தான். கவர் ஆட்டக்காரனை எண்ணும்போது ஒரு திருத்தம்: கார்னர் பிடித்த அடுத்த கணம் அவன் வந்து சேர்ந்தானா என்பதையும் ஒரு பாயின்ட்டாக எண்ணுங்கள். ஸ்கோர் ஷீட்டில் அது கார்னர் பெயரில் போய்விடும், ஆனால் அவன் வராவிட்டால் அந்தப் பிடி நின்றிருக்காது.

அளவெடுக்கும் காலை

ஆட்டம் பார்த்த பிறகுதான் அளவு, அதற்கு முன் வேண்டாம். முதலில் அளவெடுத்தால் கண் அதற்கு அடிமையாகிவிடும். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

வேண்டியவை டேப், சுண்ணாம்புப் பொடி, இரண்டு ஸ்டாப்வாட்ச், எடை மெஷின், ஸ்லோமோஷன் எடுக்கும் ஃபோன் ஒன்று. எல்லாரையும் கால் மணி நேரம் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு:

ஐந்து மீட்டர் போய் கோட்டைத் தொட்டுத் திரும்பி வருவது. மூன்று வாய்ப்பு, இரண்டு பேர் தனித்தனியாக நேரம் எடுத்து, நடு எண்ணை எழுதுங்கள். கையால் அமுக்கும் வாட்ச்சில் பத்தில் இரண்டு நொடி இப்படி அப்படிப் போகும். அதனால் பத்தில் ஒரு நொடி குறைவாக எடுத்தவன் வேகமானவன் என்று சண்டை போடாதீர்கள். வேகம், நடுத்தரம், மெது என்று மூன்று கும்பலாகப் பிரித்தால் போதும்.

நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவது. பதினேழு வயதில் 2.30 மீட்டரைத் தாண்டினால் இடுப்பிலும் தொடையிலும் வலு இருக்கிறது. தாண்டாவிட்டால் வலு இல்லை என்று அர்த்தமில்லை, பல பையன்களுக்குக் கையை வீசித் தாண்டத் தெரியாது. ஒருமுறை காட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி தாண்டச் சொல்லுங்கள்.

கை விரித்த அகலம். சுவரில் சாய்த்து, நடுவிரல் நுனிக்கு நுனி. உயரத்தைவிட ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் ரைடருக்கும் லாபம், கார்னருக்கும் லாபம். நடுக்கோட்டில் விழும்போது அந்த நீளம்தான் பாயின்ட்.

முப்பது நொடிப் பாட்டு. கோர்ட்டில் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே, மூச்சு விடாமல். ஒரு நிமிஷம் விட்டு மறுபடி, ஐந்து முறை. ஐந்தாவதில் காலடி எப்படி மாறுகிறது என்பதைத்தான் பார்க்கிறோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கம்மவான்பேட்டை போன்ற ஊர்ப் பக்கம் ராணுவத் தேர்வுக்காகக் காலையில் 1600 மீட்டர் ஓடிப் பழகிய பையன்கள் வருவார்கள். தம் பிரமாதமாக இருக்கும், உடம்பில் கொழுப்பே இருக்காது. ஆனால் நீள எட்டு வைத்து ஒரே சீராக ஓடிய கால், திடீரென்று நின்று திரும்பத் தயங்கும். தம்மைப் பார்த்து மயங்கி ரைடர் வரியில் மார்க்கை ஏற்றாதீர்கள். கட்டுப்பாடும் நேரம் தவறாமையும் அவர்களிடம் அதிகம், கவர் இடத்துக்குச் சோதித்துப் பாருங்கள்.

இன்னும் எவ்வளவு வளர்வான்?

பெரும்பாலான தப்புகள் இங்கேதான் நடக்கின்றன. பதினாறு வயதில் மீசை முளைத்து, தோள் விரிந்து, 70 கிலோ இருக்கிற பையன் சின்னப் பையன்களை எல்லாம் தூக்கி எறிவான். பத்தொன்பது வயதில் மற்றவர்களும் அந்த எடைக்கு வந்ததும் அவனிடம் மிச்சம் எதுவும் இருக்காது. பக்கத்திலேயே 54 கிலோவில், கால் மட்டும் நீளமாக, சட்டை தொளதொளவென்று ஒருவன் நிற்பான். பையன்கள் வளரும்போது முதலில் காலும் பாதமும் நீளும், பிறகுதான் உடம்பு விரியும். அவனுக்கு இன்னும் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். அப்பா உயரம், அம்மா உயரம் இரண்டையும் கூட்டி, 13 சென்டிமீட்டர் சேர்த்து, இரண்டால் வகுத்தால் பையனின் உத்தேச உயரம் வரும். அப்பா 172, அம்மா 157 என்றால் 171. எட்டு சென்டிமீட்டர் வரை முன்பின் இருக்கும், அதனால் இதை ஜோசியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்கு 162-ல் நிற்கும் பையனை ‘குள்ளம்’ என்று ஒதுக்காமல் இருக்க இந்தக் கணக்கு உதவும். அப்பா அம்மாவை நேரில் பார்த்தால் டேப்கூட வேண்டாம்.

எடை விஷயத்தில் எதிர்ப்பக்கமும் உண்டு. பெரியவர் ஆட்டத்தில் எடை வரம்பு 85 கிலோ. பதினெட்டு வயதில் 82 கிலோவில், தொப்பையோடு இருக்கிற கார்னர் பிடி நன்றாக இருக்கிறதே என்று எடுத்தால், வரம்பைத் தாண்டியதும் ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் சோறு தண்ணீர் இல்லாமல் எடை குறைத்துக்கொண்டு, தலைசுற்றி இறங்குவான்.

மேட், முட்டி, சர்டிஃபிகேட்

மண்ணில் ஆடிய கால் மேட் கோர்ட்டுக்கு வந்தால் முதல் இரண்டு வாரம் தடுமாறும். மண் சறுக்கிக்கொடுக்கும், மேட் பிடித்து நிறுத்திவிடும். உடம்பு திரும்பினாலும் ஷூ திரும்பாது, அந்த இடத்தில்தான் முட்டி போகிறது. அதனால் மேட் கோர்ட்டில் முதல்நாள் ஆட்டத்தை வைத்து யாரையும் கழிக்காதீர்கள்.

ஒற்றைக் காலில் நின்று மெதுவாக உட்காரச் சொல்லி, முன்னாலிருந்து ஃபோனில் எடுங்கள். முட்டி உள்பக்கமாகச் சரிந்தால் இடுப்புப் பக்கத் தசை பலவீனம். மூன்று மாதப் பயிற்சியில் திருத்தலாம், ஆனால் திருத்தும்வரை மேட் கோர்ட்டில் முழு ஆட்டம் ஆட விடக்கூடாது. முட்டி வீங்கியிருக்கிறதா, படிக்கட்டு இறங்கும்போது ‘நழுவுகிற மாதிரி’ இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் தைலம் தேய்த்து அனுப்பாமல் எலும்பு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், பள்ளி டி.சி., ஆதார் மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். ஸ்கூலில் சேர்க்கும்போது தேதியை மாற்றிக்கொடுத்த வீடுகள் நிறைய, போட்டி மேசையில் அது தெரியவந்தால் மொத்த அணிக்கும் சிக்கல். 2019-ல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தபிறகு முகவரியிலும் குழப்பம் உண்டு. ஆம்பூர்ப் பையனின் பழைய அட்டையில் வேலூர் மாவட்டம் என்றே இருக்கும். மாவட்ட வாரியாக நடக்கும் போட்டிக்கு முன் சரிசெய்துகொள்ளச் சொல்லுங்கள்.

உட்கார்ந்து பேசுவது

ஆட்டம் முடிந்து அரை மணி கழித்து, தண்ணீர் குடித்த பிறகு பேசுங்கள். ‘உன் லட்சியம் என்ன’ என்று கேட்டால் எல்லாரும் புரோ கபடி என்றுதான் சொல்வார்கள். ஒரு ரைடைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: “தம்பி, ரெண்டாவது பாதில ரைட் கார்னர் பக்கம் போய் அவுட் ஆனியே, எதுக்கு அந்தப் பக்கம் போன?”

“தெரிலண்ணா, போய்ட்டேன்” என்பது ஒரு பதில். “அந்தக் கவர் கொஞ்சம் மேல ஏறி நின்னான்ணா, உள்ள கேப் இருந்திச்சு. கார்னர் அவ்ளோ சீக்கிரம் இறங்குவான்னு நெனைக்கல” என்பது இன்னொரு பதில். இரண்டு பேரும் அவுட்தான். ஆட்ட அறிவு வரியில் இருவருக்கும் இருபது மார்க் வித்தியாசம் போடலாம்.

வீட்டு நிலவரத்தையும் கேளுங்கள், துருவாமல். ஷூ கம்பெனியில் ஷிஃப்ட்டுக்குப் போகிற பையன் மாலைப் பயிற்சிக்கு வர முடியாது, காலையில் வருவான். தறி ஓட்டுகிற வீட்டில் மாதத்தில் சில நாள் ஆள் தேவைப்படும். இதெல்லாம் மார்க்கைக் குறைக்கிற காரணம் இல்லை, பயிற்சி நேரத்தை மாற்றுகிற காரணம். அப்பா அம்மாவிடம் வேலை வாங்கித் தருகிறோம் என்று மட்டும் வாய் விடாதீர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எந்த அளவு சர்டிஃபிகேட் வேண்டும் என்பதை அந்தந்த அறிவிப்புதான் சொல்லும்.

முடிவெடுக்கும் மேசை

பார்த்தவர்கள் மூன்று பேர் என்றால், மூன்று பேரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எண்ணை எழுதி முடித்துவிட்டுத்தான் பேச வேண்டும். பெரியவர் ஒருவர் ‘பையன் சூப்பர்’ என்று முதலில் சொல்லிவிட்டால் மற்ற இரண்டு தாளும் தானாக 50-க்கு ஏறிவிடும். நன்கொடை கொடுத்தவர் மகன், கமிட்டிக்காரர் மச்சான் மகன் யாராவது பட்டியலில் இருந்தால் அவர்களுக்கு வேண்டப்பட்டவர் அந்தத் தாளுக்கு மார்க் போடாமல் ஒதுங்கிக்கொள்ளட்டும். இதை முதலிலேயே பேசிவைத்துவிட்டால் முகம் முறியாது.

மூன்று பேரின் எண்ணும் பத்துக்கு மேல் வேறுபட்டால் சராசரி எடுக்காதீர்கள். யாரோ ஒருவர் மற்றவர் பார்க்காத எதையோ பார்த்திருக்கிறார் என்று அர்த்தம், அந்தப் பையனை மறுபடி போய்ப் பாருங்கள். நாலு இடம் என்றால் இரண்டை ‘இன்று’ கட்டத்தைப் பார்த்து நிரப்பலாம், அடுத்த சீசனுக்கு ஆள் வேண்டுமே. மற்ற இரண்டை ‘மூன்று வருஷத்தில்’ கட்டத்தைப் பார்த்து மட்டும் நிரப்புங்கள், அதில் ஒன்றாவது கார்னருக்குப் போகட்டும்.

எடுக்காத பையன்களுக்கு அதே வாரம் சொல்லிவிடுங்கள், என்ன குறை என்று ஒரு வரியோடு: ‘திரும்பும்போது உடம்பு நிமிர்ந்துவிடுகிறது’, ‘எடை இல்லாத காலைப் பிடிக்கிறாய்’. தாளைக் கிழிக்காமல் கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அடுத்த பொங்கல் போட்டிக்கு அதே பையன் வருவான், போன வருஷத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பின்னங்காலிலிருந்து ஆரம்பியுங்கள்.